மஞ்சள் ஜாக்கெட்

"அக்கா, கடிச்சுக் கடிச்சு நகமெல்லாம் தீர்ந்துபோச்சு. இனி விரல்தான் பாக்கி!" என்றான் புரோகிராமர்.

அவள் சிரிக்கவில்லை. சோதனைத் திடலின் ஓரத்தில், குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தாள். ஓட்டுநர் இல்லாத அந்த வெள்ளைக் கார் சாயங்காலம் முதல் முறையாகக் கடைத்தெருவுக்குள் போகப்போகிறது. பாதுகாப்பு அதிகாரியான அவள் 'சரி' சொன்னால்தான் காருக்குக் கேட் திறக்கும். இத்தனை மாதச் சோதனையில் நடப்பவரையோ சைக்கிளையோ அது உரசியதுகூட இல்லை. பிறகு ஏன் இந்தத் தயக்கம்?

கார் கடைசி ஒத்திகையில் வளைய வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கேட் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

அவள் வீட்டுக்காரர்! காலையில் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவருகிறார்.

கார் வேகத்தைக் குறைக்கவில்லை.

பாய்ந்துபோய், காரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். டயர்கள் கிறீச்சிட்டன. சைக்கிளுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம்.

"இவரை யாருய்யா உள்ள விட்டது?" மேனேஜர் காவலாளி மேல் எரிந்து விழுந்தார். "மஞ்சள் பாதுகாப்பு ஜாக்கெட் இல்லாம யாரும் திடல்ல கால் வைக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கில்ல? இதைக் கணக்குல சேர்க்காதீங்கம்மா."

ஜாக்கெட்!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விதியைப் போட்டவளே அவள்தான். மஞ்சள் ஜாக்கெட் இல்லாமல் காருக்கு முன்னால் யாருமே போனதில்லை. சோதனைப் பொம்மைக்குக்கூட மாட்டித்தான் விட்டார்கள்.

"சார், கடைத்தெருவுக்கு வர்றவங்க ஜாக்கெட் போட்டுக்கிட்டா காய் வாங்குவாங்க?"

"ஏதோ ஒரு தடவை..."

"அப்ப இன்னொரு தடவை பார்த்துடலாம்."

விறுவிறுவென்று பொம்மையின் ஜாக்கெட்டை உருவினாள். பொம்மையைக் குறுக்கே இழுக்கும் தண்டவாளத்தில் ஏற்றி விட்டாள். கார் கிளம்பியது. பொம்மை குறுக்கே நகர்ந்தது.

'டமார்!'

பொம்மையின் தலை தனியாக உருண்டு வந்து மேனேஜரின் ஷூவில் முட்டியது. அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தொடக்க விழாவுக்குப் பெரிய மனுஷங்க எல்லாம் கிளம்பிட்டாங்களேம்மா... என்ன சொல்றது?"

"நான் சரி சொல்லலைன்னு சொல்லுங்க. கேட் திறக்காது."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனார்.

வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, உன் கார் என்னைப் பார்க்கவே இல்லையா?"

புரோகிராமர் பேயறைந்தவன்போல் திரையை நீட்டினான். அவர் கொண்டுவந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கார் பதிந்துவைத்திருந்ததை அவள் படித்தாள்.

"பார்த்துச்சுங்க" என்றாள், அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. "நிழல்னு நினைச்சுடுச்சு."