ஐயாவுக்கு வாய்க்கரிசி

வெள்ளையம்மா அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு பிடிதான் விழுந்தது. வெளியே, கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து வாசலில் அவள் புருஷன் ஐயாவுவைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். உள்ளே சாக்கின்மேல் மகள் புஷ்பம் சுருண்டு கிடந்தாள். அப்பனைக் கொண்டுபோன அதே காய்ச்சல் மகளை விட்டு நேற்றுத்தான் இறங்கியிருந்தது. காய்ச்சல் விட்ட வயிறு சும்மா இருக்குமா?

"அம்மா, பசிக்குது."

"செத்த பொறு கண்ணு. அப்பாவ அனுப்பிட்டு கஞ்சி வைக்கிறேன்."

ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் என்று குருவிட்டைப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். பால்வெட்டும் நின்றுபோனது. "வேலைக்கு வந்து பேரு விழுந்தாத்தான் அரிசி. வேலையே இல்லாதப்ப நான் எங்க போறது?" என்று கங்காணி கையை விரித்துவிட்டார். தோட்டத்தைப் பூட்டினால் கூலிக்காரன் வயிறும் கூடவே பூட்டிக்கொள்ளும் என்று தோட்டத்துத் துரை நினைத்தார் போலிருக்கிறது. லயத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம் அவள் கஞ்சி ஊட்டப் போனபோது ஐயாவு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "புள்ளைக்கு வச்சிரு" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

"ஏம்மா, வாய்க்கரிசி எடுத்தாச்சா?" வாசலிலிருந்து ஐயாவுவின் அண்ணன், மூத்தார் கந்தையா குரல் கொடுத்தார். "நாங்க அவங்கவங்க வீட்டுல எடுத்தாச்சு. ஆளுக்கு நாலு மணி போதும். வெறும் வாயோட அனுப்பக்கூடாது."

"இந்தா வாறேன் மாமா."

அரிசியை அள்ளிக் கையை மூடினாள். புஷ்பத்தின் கண்கள் அந்தக் கையையே பார்த்தன. வெள்ளையம்மா அரிசியைத் திரும்பப் பானையிலேயே போட்டுவிட்டு, வெறும் கையை இறுக்க மூடிக்கொண்டு வெளியே வந்தாள். கட்டின புருஷனையே ஏமாற்றுகிறோமே என்று நினைத்துக்கொண்டாள்.

தப்படிக்கிறவனும் காய்ச்சலில் கிடந்ததால் வாசல் வெறிச்சென்றிருந்தது. முதலில் கந்தையா பாடையைச் சுற்றி வந்து, மூடிய கையை ஐயாவுவின் வாயருகே கொண்டுபோய்விட்டு விலகினார். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டு அழகம்மா போனாள். ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் கையை விரித்துக் காட்டவில்லை. தன் குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாதே என்று வெள்ளையம்மா கடைசியாகப் போய்க் குனிந்தாள்.

ஐயாவுவின் வாயில் ஒரு மணி இல்லை. தாடியில் இல்லை, கழுத்தடியில் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கந்தையா ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழகம்மா இடுப்புப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பாவம், எல்லார் வீட்டுப் பானையும் இப்படித்தானே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் வாயருகே கையை விரித்தாள். வேர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மணி, அவளுக்கே தெரியாமல் வந்தவை, அவன் கீழுதட்டில் விழுந்தன.

கந்தையா அதைப் பார்த்தார். சட்டென்று துணியை இழுத்து ஐயாவுவின் முகத்தை மூடினார்.

"எல்லாரும் போட்டாச்சு," என்றார். "தூக்குங்கப்பா."

பாடை மரங்களுக்குள் மறைந்ததும், வெள்ளையம்மா பீலித் தண்ணீரில் தலை முழுகிவிட்டு வந்து அடுப்பை மூட்டினாள். புஷ்பம் கஞ்சியை மடமடவென்று குடித்தாள். பிறகு கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த மணியை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.