பழைய திரையே போதும்

பதினொரு வருடம் உழைத்த கணினி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு உயிரை விட்டது. அந்த நேரத்தில் நீதிபதி, காலமான தம் தகப்பனாரின் பழைய படம் ஒன்றில், மூக்கின் குறுக்கே ஓடிய மடிப்பை அழித்துக்கொண்டிருந்தார். பாதி மூக்கு சரியாகியிருந்தது. மீதிப் பாதிக்கு வருவதற்குள் பெட்டி ஒருமுறை முனகி, கருகிய வாசனை விட்டு, அடங்கிப்போனது.

நீதிபதி என்றால் கோர்ட்டில் உட்கார்ந்தவர் அல்ல. வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்து, பேச வந்தவன் எச்சில் விழுங்கினால்கூடக் கண்டுபிடித்து மறுபடி பேச வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு பிடிப்பதற்கு வேறு குற்றவாளிகள் இல்லாததால் சொந்தக்காரர்களைப் பிடித்துக்கொண்டார். எவர் வீட்டு விஷயமானாலும் தீர்ப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது. முதுகுக்குப் பின்னால் குடும்பம் வைத்த பெயர்தான் நீதிபதி. அது அவர் காதிலும் விழுந்திருந்தது. கிண்டல் என்று அவருக்குத் தோன்றவில்லை. தகுதிக்கு வந்த பட்டம் என்றே வைத்துக்கொண்டார்.

கணினி செத்ததற்காக அவர் கலங்கவில்லை. செத்த நாள்தான் தப்பு. தகப்பனார் பிறந்து நூறு வருடம் நிறைய இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. ஒரு மண்டபத்தில் உறவு முழுவதும் கூடப் போகிறது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த தகப்பனாரின் படங்கள் பெரிய திரையில் வர வேண்டும். அவர் பணி ஓய்வு நாளில் பேசிய பேச்சு, ஒற்றைக் கேசட்டில் இரைச்சலோடு கிடந்தது. அதைத் துடைத்துச் சபையில் போட வேண்டும். முன்வரிசையில் சம்பந்தி உட்கார்ந்திருப்பார்.

சம்பந்தி உட்காருவதில்தான் விஷயமே இருந்தது.

போன வருடம் சம்பந்தி வீட்டிலும் இதே மாதிரி அவருடைய தகப்பனாருக்கு ஒரு விழா நடந்தது. அதற்குமுன் பெரியவரின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அறுபத்து மூன்று பேர் இருக்கிற குழு. நீதிபதி படத்தைத் தம் கணினியில் திறந்து பார்த்தார். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதினார்: "படத்தில் இருப்பவருக்குக் காமாலையா? நல்ல மருத்துவரிடம் காட்டியிருக்கலாம்."

சம்பந்தி பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை மட்டும் போட்டார். நீதிபதியின் மகள் தகப்பனோடு ஒரு மாதம் பேசவில்லை. "உண்மையச் சொன்னா உடம்பு எரியுது," என்று நீதிபதி மனைவியிடம் சொல்லி, வழக்கை முடித்துவைத்தார்.

அப்படிச் சொன்னவர் வீட்டுப் படத்தில் ஒரு கீறல் தெரியலாமா? குரலுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் கேட்கலாமா? கேட்டால் சம்பந்தி வாய் திறக்க மாட்டார், அந்த மனிதருக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. ஆனால் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் தகப்பனாரை நிறுத்துவதைவிட விழாவையே நிறுத்திவிடலாம் என்று நீதிபதி நினைத்தார்.

கடைக்கு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் வண்ணம் பார்க்கிற வேலை. அட்டையில் அச்சான சிவப்பும் கொடுத்த மாதிரியில் இருக்கிற சிவப்பும் ஒன்றுதானா என்று காலை முதல் மாலை வரை பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம். "மை பூசுற வேலை," என்பது நீதிபதியின் சுருக்கம். என்றாலும் பெட்டி தூக்க ஒரு ஆள் வேண்டுமே.

கடையில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனைக்காரர் அவர்களை நேராக ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே ஊதாவும் பச்சையுமாக விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன.

"இதுதான் சார் இப்ப எல்லாரும் வாங்குறது."

"எல்லாரும் வாங்குறதுன்னா எனக்கு எதுக்கு? உள்ள என்ன, ஆடல் பாடல் நடக்குதா?"

"கூலிங் ஃபேன் சார். மொத்தம் ஆறு."

"ஆறு! ஏன்யா, நான் அப்பாவோட குரலக் கேக்கணும். இது பக்கத்துல உக்காந்தா விமானத்துல போற மாதிரில்ல இருக்கும்? கொஞ்சம் அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லுங்க."

"எந்தப் பாட்டு சார்?"

"கடையில ஓடுதே, அது. ஏசியையும்."

விற்பனைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். பாட்டு நின்றது. ஏசி நிற்கவில்லை, அதை நிறுத்த மேலாளர் வர வேண்டுமாம். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வரிசையாக வைத்திருந்த ஒவ்வொரு பெட்டியின் மேலும் காதை வைத்துக் கேட்டார். கடைக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இது இருமுது." அடுத்தது. "இது பல்லக் கடிக்குது." அடுத்தது. "இது சும்மாருக்கப்பவே இப்படின்னா, வேல குடுத்தா ஒப்பாரி வைக்கும்."

கடைசியில், மூலையில் விளக்கும் இல்லாமல் அலங்காரமும் இல்லாமல் நின்ற கறுப்புப் பெட்டி ஒன்று தேறியது. நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு, கேசட் கருவியைச் செருக இடமிருக்கிறதா என்பதையெல்லாம் மாப்பிள்ளை விசாரித்துத் தலையாட்டினார். பிறகு மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"மாமா, பெட்டியோட திரையையும் மாத்திடலாமே. படம் பாக்குறதுக்குத் திரைதான் முக்கியம்."

"திரைக்கு என்ன கேடு? எரியுது, தெரியுது. செத்தது பெட்டிதான மாப்பிள்ள? புருஷன் செத்தா பொண்டாட்டியையும் சேத்து எரிக்கிற காலமா இது?"

"இல்ல மாமா, பதினோரு வருஷம் ஆச்சு. பழசாகப் பழசாக நிறம் கொஞ்சம்…"

"எனக்கும் அறுபத்தெட்டு வயசாச்சு. என்னையும் மாத்திடலாமா? பழைய திரையே போதும்."

மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

மறுநாள் காலை கணினியைப் பொருத்திக்கொடுக்க வந்த மாப்பிள்ளையின் கையில் ஒரு திரையும் இருந்தது. "அச்சகத்துல சும்மா கிடந்தது மாமா. விழா முடியிற வரைக்கும் இங்க இருக்கட்டும். இதுல ஒலி அலையப் போட்டுக்கலாம், உங்க திரையில படத்தப் போட்டுக்கலாம். உங்க ரேடியோ ஸ்டேஷன்ல ரெண்டு மெஷின் வச்சுத்தான வேல பாப்பீங்க?"

கடைசி வாக்கியம் நன்றாக வேலை செய்தது. மை பூசுகிறவனுக்கும் எப்போதாவது மூளை எட்டிப்பார்க்கிறது என்று நீதிபதி எண்ணிக்கொண்டார். இடதுபக்கம் பழைய திரை, வலதுபக்கம் புதுத்திரை என்று மேசை நிறைந்தது. கறுப்புப் பெட்டி மூச்சுவிடுவதே தெரியவில்லை. காதொலிப்பானை மாட்டிக் கேசட்டை ஓடவிட்டார். தகப்பனார் இருபது நிமிடம் பேசினார். ரயில் நேரத்துக்கு வராவிட்டாலும் தாம் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்றார். நீதிபதிக்கு முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

பிறகு, பழைய பெட்டியின் வட்டிலிருந்து மாப்பிள்ளை மாற்றிக்கொடுத்திருந்த படங்களில் மூக்குப் படத்தைத் திறந்தார். கை பழக்கமில்லாமல் சுட்டியைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டது. படம் பழைய திரையிலிருந்து வழுக்கிப் பாதி அடுத்த திரைக்குள் போய் நின்றது.

இடது கன்னம், இடது கண், பாதி மூக்கு எல்லாம் வழக்கம்போல் இருந்தன. வலது கன்னம் நீலம். பச்சைத்தண்ணீரில் மூன்று நாள் கிடந்த பிணத்துக்கு வருகிற நீலம்.

"மாப்பிள்ள, உங்க அச்சகத்துத் திரைக்கு ஜன்னி கண்டிருக்கு. தூக்கிட்டுப் போங்க."

மாப்பிள்ளை வயரைச் சரிபார்ப்பதுபோல் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார். நீதிபதி வேறொரு படத்தை இழுத்தார். எட்டு வருடம் முன்பு அவர் சரிசெய்து எல்லோருக்கும் அனுப்பிய அண்ணன் படம், கொஞ்சமாய் ஊதா. நான்கு வருடம் முன்பு செய்த மாமியார் படம், முழு நீலம். போன மாதம் செய்த அத்தை படம். உதடு கறுத்து, விஷம் குடித்தவள் மாதிரி.

சத்தம் கேட்டு மனைவி வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மேசையிலிருந்த எழுதாத தாள் ஒன்றை எடுத்து இரண்டு திரைக்கும் நடுவில் பிடித்தாள்.

"ரெண்டுலயும் வெறும் பக்கத்தத் திறங்க. எது வெள்ளைன்னு நீங்களே பாருங்க."

திறந்தார். வலதுபக்கத் திரை தாளைப்போல் இருந்தது. இடதுபக்கத் திரை மஞ்சள் கரைத்த தண்ணீரைப்போல் இருந்தது.

நீதிபதிக்கு முதலில் புரிந்தது படங்களைப் பற்றி. வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பழுத்த திரையில், முகம் மஞ்சளாகத் தெரியும்போதெல்லாம் நீலத்தைக் கூட்டிக்கூட்டி, முந்நூற்றுச் சொச்சம் சொந்தக்காரர்களை அவரே மூழ்கடித்திருக்கிறார். கைபேசியில் படம் பார்ப்பது தபால்தலையில் ஊர் பார்ப்பதுபோல் என்று இளக்காரம் பேசியவர் ஆகையால், அனுப்பிய எதையும் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"உனக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"அஞ்சாறு வருஷமா. உங்க தங்கச்சி வீட்டுல மீன்தொட்டிப் படம்னு பேரே வச்சுட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. உடனே என்னக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தேன்." அவள் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். "காமாலைக் கண்ணுக்கு…" என்று ஆரம்பித்து, மாப்பிள்ளை இருப்பது நினைவுக்கு வந்து, மீதியை விழுங்கிக்கொண்டாள்.

அந்தச் சொல்தான் இரண்டாவதைப் புரியவைத்தது. அவர் கை தானாகவே போன வருடத்துப் படத்தைத் தேடித் திறந்தது. பழைய திரையில் சம்பந்தியின் தகப்பனார் காமாலையோடு சிரித்தார். நீதிபதி படத்தை வலதுபக்கம் இழுத்தார். காமாலை போய்விட்டது. நல்ல மாநிறம். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருந்தது. நரைத்த மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு குறை சொல்ல இடமில்லை.

"இத யாரு சரி பண்ணது?"

மேசைக்குக் கீழேயிருந்து பதில் வந்தது. "நான்தான் மாமா. எங்க தாத்தா ஆச்சே."

அறுபத்து மூன்று பேர். அத்தனை பேருக்கும் கண் இருந்தது, கையில் கருவி இருந்தது, ஒருவனுக்கும் வாய் இல்லை. மரியாதையாம்! ஒருவன் குழியில் விழுவதைக் கைகட்டி வேடிக்கை பார்ப்பதற்கு இந்தக் காலத்தில் மரியாதை என்று பெயர். நீதிபதிக்கு எல்லோர்மேலும் கோபம் வந்தது. ஆனால் குற்றவாளியைப் பிடித்துப் பழகிய புத்தி, எவ்வளவு சுற்றினாலும் ஒரே நாற்காலிக்குத்தான் திரும்பி வந்தது.

மாப்பிள்ளை எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "யாருக்கும் தெரிய வேணாம் மாமா. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. சத்தமில்லாம எல்லாப் படத்தையும் நான் சரி பண்ணித் தர்றேன். விழாவுல அப்படியே போட்டுடலாம்."

"திருட்டுப்பொருளா இது, ஒளிச்சுவச்சு எடுத்துட்டுப் போக? சபையில சொன்னத சபையிலதான் திரும்ப எடுக்கணும். இல்லன்னா எங்கப்பா படத்த அந்தச் சபையில காட்ட எனக்கு என்ன யோக்கியத?"

குடும்பக் குழுவைத் திறந்தார். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று தட்டினார். உடனே அழித்தார். வானொலியில் ஆயிரம் தடவை கேட்ட வாசகம் அது. செய்தவன் பெயர் வெளியே வராமல் இருக்க எவனோ கண்டுபிடித்தது. "தடங்கலுக்கு வருந்துகிறேன்" என்று தட்டினார். அதுவும் அதே ஜாதிதான். அழித்தார். மனைவி தாளை மடித்து விசிறிக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறை நிறுத்தாமல் எழுதினார்:

"போன வருடம் சம்பந்தியின் தகப்பனார் படத்தைப் பற்றி நான் இங்கே எழுதியது தவறு. மஞ்சள் என் திரையில் இருந்தது. அந்தப் படத்தில் குறையே இல்லை. அதைச் சரிசெய்தவர் என் மாப்பிள்ளை. நான் இதுவரை அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடவும். சரியான படங்கள் வரும். தவறு என்னுடையது, மன்னிக்கவும்."

அனுப்பினார். அறுபத்து மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்திருப்பார்கள். பிறகு சம்பந்தியிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. நீதிபதி காதொலிப்பானை மாட்டிக்கொண்டார். குரல் என்றால் அப்படித்தான் கேட்பார்.

"சம்பந்தி, வணக்கம். அத நாங்க அப்பவே விட்டாச்சு. உங்க வீட்டுப் படங்க வர்றதப் பாத்து, சரி, இவங்க குடும்பத்துக்குக் குளிரு ஜாஸ்தி போலன்னு நெனச்சுக்கிட்டோம். ஆனா எங்கப்பாவுக்காக நீங்க இத்தன பேருக்கு முன்னால எழுதினீங்க பாருங்க, அது போதும். முன்வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க. வந்துடறேன்."

நீதிபதி இரண்டாவது முறையும் கேட்டார். குரலுக்குப் பின்னால் எண்ணெய் போடாத மின்விசிறி ஒன்று சுற்றுக்குச் சுற்று கிறீச்சிட்டது. அதற்கும் பின்னால் எவனோ பாத்திரத்தை உருட்டினான். "சம்பந்தி" என்கிற இடத்தில் மூச்சு ஒலிவாங்கியில் நேராக மோதி வெடித்தது. ஒரு சின்னப் பதிவில் மூன்று குற்றம். நாக்கு நுனிவரை தீர்ப்பு வந்து நின்றது.

"என்ன மாமா, எதாவது சத்தம் கேக்குதா?" என்றார் மாப்பிள்ளை.

நீதிபதி காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பழைய திரையின் வயரைப் பிடுங்கினார்.

"இல்ல. சுத்தமான பதிவு," என்றார். "உக்காருங்க மாப்பிள்ள. அப்பா மூக்குலேருந்து ஆரம்பிக்கணும்."