இரண்டு முறை மொய்ன்

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. தேவாலய மணிக்கயிற்றை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் இதை எழுதுகிறேன். நான் ஒரு வரி பொய் எழுதினாலும் மணி தானாக அடிக்கட்டும். இடது கை என்பதால் எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேரானது. எனக்கு எழுபத்தேழு வயதாகிறது. இதுவரை மணி தானாக அடித்ததில்லை.

எங்கள் ஹாம்ஸண்ட் தீவுக்குக் கடல்சுவர் கிடையாது. ஆறு மண்மேடுகள் உண்டு. நான்கில் வீடுகள். ஒன்றில் தேவாலயமும் பள்ளிக்கூடமும். நடுவில் இருக்கும் சின்ன மேட்டில் ஆடுகள் ஒதுங்க ஒரு கொட்டகை. மற்றதெல்லாம் புல். வருஷத்துக்கு இருபது தடவை வட கடல் புல்வெளியை மூடிக்கொண்டு வந்து, வாசற்படிவரை ஏறி, எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போகும். அப்போது மேடுகள் மட்டும் வெளியே தெரியும், தண்ணீரில் தவறவிட்ட தொப்பிகள்போல.

நாங்கள் பத்தொன்பது பேர். அதிகம் பேசமாட்டோம். பார்த்தால் 'மொய்ன்' என்போம். காலையிலும் மொய்ன், சாயங்காலமும் மொய்ன், பிள்ளை பிறந்த வீட்டிலும் மொய்ன், பிணம் கிடக்கும் வீட்டிலும் மொய்ன். ஒரு தடவைதான். 'மொய்ன் மொய்ன்' என்று இரண்டு தடவை சொல்பவனை வாயாடி என்று ஒதுக்கிவிடுவோம். என் அப்பா என் அம்மாவைப் பெண் கேட்டதே ஒரு மொய்னில்தான். பதில் மொய்ன் வர நான்கு வருஷம் ஆயிற்று. அவசரப்பட்டுவிட்டோமோ என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பரில், கரையிலிருந்து ஒரு போலீஸ்காரம்மா படம் வரைந்த அட்டைகளோடு வந்தார். தனியாகப் போய்வரும் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று பிள்ளைகள். எல்லோரும் தனியாகத்தான் நடந்து போவார்கள். அதில் சின்னவள் வீப்கே. ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. அவள் அப்பா மொம்மே, அம்மா ஃப்ராவ்கே. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஒன்றரை கிலோமீட்டர், வழியில் கால்வாய்களுக்கு மேல் இரண்டு பலகைப் பாலங்கள்.

போலீஸ்காரம்மா சொன்னார்: "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசிய வார்த்தை இருக்கணும். வா போகலாம்னு யார் கூப்பிட்டாலும் பிள்ளைங்க அந்த வார்த்தையைக் கேக்கணும். சொல்லலைன்னா போகக் கூடாது."

மொம்மே கை தூக்கினான். "மேடம், இங்க தெரியாத ஆளே கிடையாதே."

"அப்போ இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். பெரும்பாலும் தெரிஞ்ச ஆளாலதான் ஆபத்து."

எல்லோரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். அறுபது வருஷப் பழக்கத்தில் அப்படிப் பார்த்தது அன்றுதான்.

நான் அப்போது ஊர்த் தலைவன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுந்து நின்று பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை பேசவும் செய்தேன். "கேட்டுக்கிட்டீங்களா? நானே வந்து கூப்பிட்டாலும் வார்த்தை இல்லாம நகரக் கூடாது." உதாரணத்துக்காக, கொஞ்சம் சிரிக்கட்டும் என்று, என்னையே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வீப்கே சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொரு அப்பனும் தன் பிள்ளையின் காதில் வார்த்தையைச் சொன்னான். அடுத்த வீட்டு வார்த்தை என்ன என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பானையைத் திறந்து பார்க்கிற புத்தி எங்களுக்குக் கிடையாது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம்தான் தண்ணீர் ஏறும் என்று வானொலி சொன்னது. வழக்கம்போல ஒரு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டார்கள். தண்ணீர் வானொலி கேட்பதில்லை. ஒன்றரைக்கே வந்தது, கால்வாய் வழியாக, பின்பக்கமாக. வீப்கே அப்போது இரண்டு பாலங்களுக்கும் நடுவே இருந்தாள். ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிவைத்திருப்பதுதான்: தண்ணீர் வந்தால் ஆட்டுமேட்டுக்கு ஓடு, கொட்டகைக்குள் போ, தாழ் போடு, ஆள் வரும்வரை இரு. அவள் அப்படியே செய்தாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

என் ஜன்னலிலிருந்து அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு கொட்டகைக்குள் போனதைப் பார்த்தேன். வழக்கமான வெள்ளமாக இருந்தால் கொட்டகை போதும். அன்றைய தண்ணீர் வேறு நிறத்தில் இருந்தது. தட்டைப்படகை இறக்கினேன்.

காற்றைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. என் மீசையின் இடது பாதியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து டென்மார்க்கில் ஒரு பாதிரியார் முகத்தில் அது வந்து ஒட்டியதாகவும், அவருக்கு நன்றாகப் பொருந்தியிருப்பதாகவும் கடிதம் வந்தது.

நேராகப் போக நீரோட்டம் விடவில்லை. மொம்மே வீட்டு மேட்டைச் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. மொம்மே பல் பிடுங்க, வீட்டிலிருந்த ஒரே படகில் கரைக்குப் போயிருந்தான். மேட்டின் விளிம்பில் ஃப்ராவ்கே மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். வாய்க்கு இருபுறமும் கையைக் குவித்து என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"மொய்ன் மொய்ன்."

பயத்தில் பாவம் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். மறுபடியும் கத்தினாள். "மொய்ன் மொய்ன், பெரியப்பா. மொய்ன் மொய்ன்." நல்ல குடும்பத்துப் பெண். அவள் பின்னால் வருத்தப்படுவாளே என்று, கேட்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு மொய்ன் மரியாதையாகச் சொல்லிவிட்டுத் துடுப்பு போட்டேன்.

பாதி வழியில் துடுப்பு ஒடிந்தது. ஒரு கடல்நாய் பக்கத்தில் தலை தூக்கியது. கயிற்றை அதன் முன்னால் போட்டேன். பல்லில் கவ்விக்கொண்டு ஆட்டுமேடுவரை இழுத்துக்கொண்டு போயிற்று. எங்கள் ஊர்க் கடல்நாய் என்பதால் வழியில் ஒன்றும் பேசவில்லை.

கொட்டகை வாசலில் தண்ணீர் என் முழங்காலுக்கு இருந்தது. கதவைத் தட்டினேன். பலகை இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"வீப்கே, தாழைத் திற. படகு வந்திருக்கு."

"வார்த்தை?"

"என்ன வார்த்தை?"

"வார்த்தை சொன்னாத்தான் கதவு, கேடெல் தாத்தா."

"கேடெல் தாத்தான்னு நீயே சொல்றியே. என்னைத் தெரியலையா உனக்கு?"

"தெரியுது. நீங்க வந்தாலும் நகரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நோட்டுல இருக்கு. காட்டட்டுமா?"

கதவை உடைத்திருக்கலாமே என்பீர்கள். மூழ்கிய கப்பலொன்றின் ஓக் பலகையில் செய்த கதவு அது. நான்தான் செய்தேன். நூறு வருஷத்துக்கு உடையாது என்று ஊரில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். மூன்று தடவை தோளால் இடித்தேன். தோள்தான் இடம் மாறியது.

அவர்கள் நாயின் பெயரைச் சொன்னேன். இல்லை என்றாள். பூனையின் பெயர். பசுவின் பெயர். பாலாடைக்கட்டி. கருவாடு. கிறிஸ்துமஸ். செத்துப்போன அவள் தாத்தாவின் பெயர்.

"இல்ல. தாத்தா, உள்ள தண்ணி வருது."

"தெரியும்டி கண்ணு. எவ்வளவு இருக்கு?"

"இடுப்புக்கு. ஆடெல்லாம் என்மேல சாயுது."

"முதல் எழுத்தாவது சொல்லேன்."

"அது ஏமாத்து வேலை."

இடுக்கு வழியாக ஓர் ஆடு என்னைப் பார்த்தது. அதற்கு வார்த்தை தெரியும் என்று எனக்குத் தோன்றியது. அதுவும் சொல்லவில்லை.

"அப்பா அந்த வார்த்தையை ஏன் எடுத்தார்னாவது சொல்லு. அது ஏமாத்து இல்லையே."

பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது. "அது ஏமாத்து இல்ல. இந்தத் தீவுல யாருமே, என்ன ஆனாலும் அதைச் சொல்ல மாட்டாங்களாம். அதான் பத்திரம்னாரு."

இந்தத் தீவில் யாரும் சொல்லாத சொற்கள் நிறைய உண்டு. "நன்றி" என்றேன். இல்லை. "ரொம்ப அழகா இருக்க" என்றேன். இல்லை. "என்னை மன்னிச்சுக்கோ" என்றேன்.

"இல்ல," என்றாள். "ஆனா நல்லா இருக்கு."

குரல் இப்போது இடுக்கிலிருந்து வரவில்லை. மேலே, உத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃப்ராவ்கேக்குப் புத்தி கலங்கவில்லை. அந்த மேட்டில் நின்று, தொண்டை கிழிய, சாவியை என் கையில் எறிந்திருக்கிறாள். நான் வாங்கிக்கொள்ளாமல் மரியாதை காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மொம்மே கணக்குப் போட்டது சரிதான். ஹாம்ஸண்டில் பிறந்தவன் நாக்கில் அது வராது. ஆனால் கோடைக்காலத்தில் படகிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு சுற்றுலாக்காரனும் கால் தரையில் படுமுன் சொல்வது அதைத்தான். எங்கிருந்தோ வந்த எவனும் இரண்டு நொடியில் திறக்கக்கூடிய பூட்டு. அவளைத் தூக்கி வளர்த்த பதினாறு பேருக்கு மட்டும் திறக்காத பூட்டு. எங்களைத் தவிர வேறு எந்த ஊர்க்காரனும் அப்படி ஒரு பூட்டைச் செய்திருக்க மாட்டான்.

நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு சொன்னேன். அறுபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. "மொய்ன் மொய்ன்."

தாழ் நகர்ந்தது. வீப்கே வந்தாள், மஞ்சள் கோட்டு, ஒரு காலில் மட்டும் பூட்ஸ், நோட்டுப் புத்தகம் தலைமேல். அவளுக்குப் பின்னால் பதினோரு ஆடுகள் வரிசையாக வந்தன. ஒவ்வோர் ஆடும் படகில் ஏறுமுன் என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தது.

"இவ்வளவு நேரமா?" என்றாள்.

"வயசாயிடுச்சு."

"அம்மாகிட்ட கேட்டுட்டு வந்திருக்கலாம்ல."

"கேக்காமலே சொன்னாங்க. நான்தான் சரியா கேட்டுக்கல."

கடல்நாய் காத்திருந்தது. பன்னிரண்டு உயிர்களையும் என்னையும் இழுத்துக்கொண்டு மொம்மே மேட்டுக்கு வந்தது. கூலியாக ஒரு வாளி மீன் வைத்தேன்; பாதியை எண்ணித் திருப்பித் தந்தது. ஃப்ராவ்கே பிள்ளையை வாங்கிக் கம்பளியில் சுற்றினாள். கோகோ காய்ச்சினாள். வீப்கே இரண்டு கோப்பை குடித்துவிட்டு, ஈர நோட்டை அடுப்புக்கு மேலே காயவைத்தாள். இப்போது பத்தொன்பது வயது. கீல் நகரத்தில் இருக்கிறாள், கடல் எப்போது ஏறும் என்று முன்கூட்டிக் கணக்கிடும் படிப்பு. பல் எல்லாம் முளைத்துவிட்டது.

அடுத்த வாரம் ஊர்க் கூட்டம் போட்டு வார்த்தை விதியை ரத்து செய்தோம். அதற்கும் முதல் கையெழுத்து என்னுடையதுதான். அன்றே தலைவர் பதவியையும் விட்டேன். போதும் என்று தோன்றியது. ஆட்டுக்கொட்டகைக் கதவைக் கழற்றி எடுத்துவந்து அடுப்பில் போட்டேன். ஓக் நன்றாக எரிந்தது. மார்ச் மாதம்வரை வந்தது.

மொம்மே அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை. இங்கே யாரும் பேசுவதில்லை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஃப்ராவ்கே என்னை வழியில் பார்த்தால் ஒரு மொய்ன்கூடச் சொல்வதில்லை. சந்தோஷம் மிகுந்தவர்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் மட்டும் அவர்கள் இருவரையும் எங்கே பார்த்தாலும், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இரண்டு தடவை சொல்கிறேன். ஊரில் என்னை வாயாடி என்கிறார்கள்.

கை கடுக்கிறது. மணிக்கயிற்றை விட்டுவிட்டேன். இந்த ஜன்னலுக்கு நேரே, தேவாலயத்தின் தென்சுவரோரம் வீப்கேயின் கல்லறைக் கல் நிற்கிறது. அதில் செதுக்கியிருப்பது அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி.