உதவியாளர் நபீஸா

கடிதத்தை நபீஸா இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் கண் ஓடவில்லை. பதினொரு வருடமாகக் கிண்ணியாவில் இந்த முன்பள்ளியை நடத்தி வருகிறவள் அவள். கடிதத்தின்படி ஜனவரியிலிருந்து, இதுவரை அவளுக்கு உதவியாளராக இருந்த றுக்கியா ஆசிரியை; நபீஸா உதவியாளர்.

“மிஸ், இவ வந்து ரெண்டு வருஷந்தானே” என்றாள், பக்கத்தில் இருந்த றுக்கியாவைக் காட்டி.

கடிதம் கொண்டுவந்த மேற்பார்வையாளர் கமலேஸ்வரி, பிள்ளைகளின் குட்டைக் கதிரையில் ஒடுங்கி இருந்தார். திருகோணமலையில் விடியப் புறப்பட்டு, இரண்டு காவலரணில் இறங்கி ஏறி வந்திருந்தார்.

“பயிற்சி எடுத்தவதான் ஆசிரியையா இருக்கலாம். இப்ப சட்டம் அப்பிடி. நீங்கள் ஏன் பயிற்சிக்கு வரேல்ல?”

ஏன் என்று அவருக்கும் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் நகரத்தில் வகுப்பு. துறையில் படகு எப்போது ஓடும், நேவி எப்போது மறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. முப்பத்திரண்டு பிள்ளைகளை உதவியாளரிடம் தனியே விடக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

அதனால் நபீஸா தனக்குப் பதிலாக றுக்கியாவை அனுப்பியிருந்தாள். “என்ட பேரைச் சொல்லி இரி, புள்ள. எழுதினதக் கொண்டு வா, நான் படிச்சிக்கிறன்.”

வகுப்பு நடந்த மண்டப வாசலில் ஆமிக்காரன் பெயர்ப்பட்டியலையும் அடையாள அட்டையையும் ஒத்துப் பார்ப்பான் என்று இருவருமே நினைக்கவில்லை. முதல் நாளே றுக்கியா தன் பெயரைப் பதிந்துதான் உள்ளே போக முடிந்தது. வந்து சொல்லி அழுதாள்.

“படிப்பு வந்தாச் சரி” என்றாள் நபீஸா. ஆறு மாதம், றுக்கியா எழுதிவந்த கொப்பிகளைப் பின்னேரங்களில் படித்தாள். சான்றிதழ் யார் பெயரில் வரும் என்று இருவரும் கதைக்கவேயில்லை.

“நான் மாட்டன், லாத்தா” என்றாள் றுக்கியா இப்போது. “எனக்கு இந்த வேலையே வேணாம்.”

“விசர்க் கதை கதைக்காத. நீயும் போனா மிஸ் பள்ளியப் பூட்டிட்டுத்தான் போவா.”

“ஓம், பூட்டத்தான் வேணும்” என்றார் கமலேஸ்வரி. “வாற வருஷமும் வகுப்பிருக்கு. நீங்கள் இனி உதவியாளர்தானே. தாராளமா வரலாம்.”

நபீஸாவுக்குச் சிரிப்பு வந்தது. “படகு ஓடினா வாறன், மிஸ்.”

கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அப்போது பின்வரிசையில் ஒரு சின்னவன் நின்றபடியே சிறுநீர் கழித்துவிட்டான். பழக்கத்தில் றுக்கியா வாளியை எடுக்க எழுந்தாள்.

“நீங்க இரிங்க, டீச்சர்” என்றாள் நபீஸா, பிள்ளைகளுக்குக் கேட்கும்படி.

றுக்கியா நின்ற இடத்திலேயே நின்றாள். நபீஸா வாளியோடு கிணற்றடிக்குப் போனாள்.