காலித் தட்டில் கீறல்

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது படங்களில் சரியாகச் சொல்லியிருந்தது நிரல்! அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த வேலையையும் விட்டுவிட்டு நாற்பத்திரண்டு வயதில், கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் இயந்திரக் கற்றல் படிக்கப் போனவள். முட்டையின் படத்தைப் பார்த்து நல்லதா, கீறல் விழுந்ததா என்று சொல்வதுதான் அவள் எழுதிய அந்தக் கணினி நிரலின் வேலை. நாளை மறுநாள் தேர்வாளர் முன்னால் இது தவறினால், ஒரு வருடப் படிப்பும் அம்போ.

படங்களை எடுத்துக் கொடுத்தவள் நாத்தனார். முட்டைக் கிடங்கில் தரம் பிரிக்கிறவள். அவளுக்கு அந்தத் தொண்ணூற்றொன்பதில் சந்தேகம்.

"அண்ணி, நல்ல முட்டையை வெள்ளைத் தட்டுலயும் கீறலை நீலத் தட்டுலயும் வெச்சுதானே எடுத்தேன்? கிடங்குல அப்படித்தான் பிரிப்போம். வெறும் நீலத் தட்டைக் காட்டுங்களேன்."

காட்டினாள். 'கீறல்' என்றது நிரல், துளி வெட்கமில்லாமல்.

"முட்டையைப் பாக்குதுன்னா, முட்டையே இல்லாதப்ப கீறல்னு சொல்லுமா? சொல்லுதே! அப்ப அது தட்டைத்தான் பாக்குது."

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இதே தர்க்கத்தை வகுப்பில் மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்து முழு மதிப்பெண் வாங்கியவள் அவள்.

மறுநாள் நாத்தனார் விடுப்புப் போட்டாள். நல்லதும் கீறலுமாக அறுநூறு முட்டைகளை ஒரே வெள்ளைத் தட்டில் வைத்து, இருவரும் இடுப்பொடியப் படம் எடுத்தார்கள். அண்ணி போட்டு உடைத்த பதினொன்று மட்டும் அடுப்புக்குப் போயின. அன்றிரவே புதிய படங்களைக் கொண்டு நிரலுக்கு மறுபடி கற்றுக்கொடுத்தாள்.

"நூத்துக்கு எண்பத்தெட்டுதானா?" என்றார் தேர்வாளர், தேர்வு அறையில்.

அண்ணி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"காலித் தட்டுச் சோதனை எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"என் நாத்தனார் சொன்னதுங்க. வெளியிலதான் உக்காந்திருக்கா."

தேர்வாளரே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். நாத்தனார் பையை இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். "என்ன அண்ணி, தப்பாயிடுச்சா?"

"நீ இல்லேன்னா ஆயிருக்கும்டி." என்றாள் அண்ணி. தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

தேர்வாளர் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் நாத்தனாருக்கு ஒரே வரிதான் இருந்தது: 'படம் எடுத்து உதவியவர்.' அண்ணி அவரிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். அந்த வரியை அடித்துவிட்டு, 'பிழையைக் கண்டுபிடித்தவர்' என்று எழுதினாள்.