ரெண்டடி கூட

கல்லறைப் பதிவேட்டைத் திருப்பி விண்ணரசியின் பக்கம் தள்ளினார் பங்குப்பேரவைச் செயலாளர் ஆசீர்வாதம்.

"நீயே பாரும்மா. உங்கம்மாவ அடக்கம் பண்ணி ஒன்பது வருஷம் ஆறு மாசம்தான் ஆகுது. பத்து முடியாம குழியத் திறந்தா கீழ இருக்கிற பெட்டி கலைஞ்சிடும். சட்டம் நான் போட்டதில்ல."

"அப்பாவ அம்மா குழியிலயே, அம்மாவுக்கு மேல வைக்கணும் மாமா."

"வாய்க்கா ஓரமாத்தான் புது இடம் இருக்கே."

அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மூன்று நாளாக ஐப்பசி மழை. மூன்றடி தோண்டியதுமே ஊற்று. குழி வெட்டும் இராஜாங்கம் வாளி வாளியாக இறைத்து ஊற்ற, வாய்க்கால் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு அடக்கம். பெட்டியை மண்ணில் அல்ல, தண்ணீரில் விட வேண்டும்.

அப்பா ரெமிஜியஸ் குடவாசலில் வைக்கோல் வியாபாரி. நேற்றுக் காலை, கட்டுகள் நனையாமல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. பேரம் பேசாமல் அவர் ஒப்புக்கொண்ட ஒரே காரியம் அதுதான். 'ஒரே விலை' என்று எழுதிய போர்டுக்குக் கீழேயே நின்று விலை கேட்பார். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பருக்குப் பேசுவார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் பரிகாரமாகச் சொன்ன பத்து 'அருள்நிறைந்த மரியே' ஜெபத்தை ஏழாக்கிக்கொண்டு வந்தவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இதையெல்லாம் விண்ணரசி பொறுத்துக்கொண்டாள். அம்மா அடக்கத்தன்று செய்ததைத்தான் மன்னிக்கவில்லை. அம்மா கோயிலுக்குள் பெட்டியில் கிடக்க, அப்பா கல்லறைத் தோட்டத்தில் இராஜாங்கத்தின் முன்னால் விரலை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பதினைந்து வயது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். பெண்டாட்டி குழிக்குமா கூலியைக் குறைப்பான் ஒரு மனிதன்? அப்புறம் சென்னையில் படிப்பு, சென்னையிலேயே வேலை. அப்பா போன் செய்தால், "மீட்டிங்ல இருக்கேன்ப்பா."

அலுவலகத்தை விட்டு வெளியே வந்தாள். இராஜாங்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாப்பா சொன்னாரு?"

"முடியாதாம்ண்ணே. அம்மா பெட்டி கலைஞ்சிடுமாம்."

"எப்படிக் கலையும்? அதுதான் எட்டடியில கிடக்கே."

"எட்டடியா?"

"மத்ததெல்லாம் ஆறு. உங்கப்பா அன்னிக்கு விட்டாரா? சித்திரை வெயில். தரை பாறையா கிடக்கு, கடப்பாரை எகிறுது. ஆறுக்கு மேல ஆகாதுங்கறேன். ரெண்டடி கூட வெட்டுங்கறாரு. ஏழுன்னேன். எட்டுன்னாரு. கடைசியில சட்டையக் கழட்டிப் போட்டுட்டுத் தானும் உள்ள இறங்கிட்டாரு மனுஷன்."

அடக்கப் பூசையில் அப்பாவின் நகங்களில் மண் இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. கை கழுவக்கூட இல்லை என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டிருந்தாள்.

"கூலிக்குத்தான் பேசுறாருன்னு நெனச்சேன்."

"கூலியா? அதப்பத்தி வாயே தொறக்கல. 'நான் போறப்ப எம்பொண்ணு இடத்துக்காக ஒருத்தன்கிட்டயும் கெஞ்சிக்கிட்டு நிக்கக் கூடாது, ராஜாங்கம்.' இதத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு."

விண்ணரசி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, பெட்டி கலையக் கூடாதுன்னுதானே சட்டம்?"

"ஆமா."

"அம்மா எட்டடியில இருக்காங்க. ராஜாங்கம் அண்ணன் சாட்சி. இடமும் மேடு. அஞ்சடி தோண்டினாலும், பெட்டி உயரம் போக நடுவுல ஒன்றரை அடி மண்ணு கிடக்கும்."

"அது... சாமிகிட்டக் கேக்கணும்மா."

"கேளுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

"மதியச் சாப்பாடு முடிஞ்சு..."

"இப்பவே கேளுங்க மாமா."

ஆசீர்வாதம் கைபேசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலரை அடி. அதுக்குக் கீழ கடப்பாரை படக் கூடாது."

"அஞ்சு."

"ஏம்மா, இதுலயுமா?"

அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

"சரி, நாலே முக்கால். அச்சு அசல் ரெமிஜியஸ்!"

நேற்று வரை அவளை அழ வைக்க அந்த ஒரு சொல் போதும்.

"ரொம்ப நன்றி மாமா," என்றாள்.

நாலு மணிக்கு மழை விட்டிருந்தது. மேட்டுக் குழியின் அடியில் ஊற்று இல்லை. ஜெபம் முடிந்து, சாமியார் தீர்த்தம் தெளித்து நகர்ந்தார். இராஜாங்கம் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இறக்கலாமா பாப்பா?"

"ரெண்டு நிமிஷம்ண்ணே."

"இருட்டிக்கிட்டு வருது. ஒரு நிமிஷம்."

"ரெண்டு."

இராஜாங்கம் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டார்.