சோகைக்குள் விழுந்த ராக்கெட்

பட்டனை அமுக்கிய பிறகுதான் வரப்பில் கட்டியிருந்த ஆட்டைத் தேவதர்ஷினி பார்த்தாள். ஆடு இருந்தால் ஆளும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அதற்குள் ராக்கெட் சீறிக் கிளம்பிவிட்டது.

கள்ளக்குறிச்சியில் அவளும் கணவன் கவியரசனும் பிரிண்டிங் கடை வைத்திருந்தார்கள். அங்கேயே கெட்டி அட்டையில் அச்சடித்து, வெட்டி, சுருட்டி, பசை தடவி அவள் செய்த ஐந்தாவது ராக்கெட் அது. முதல் நான்கும் நேராக மேலே போய், பாராசூட் விரித்து இறங்கின. இதில் ஓர் இறக்கை ஒரு நூல் அளவு சாய்ந்து ஒட்டியிருந்ததைக் காலையிலேயே கவனித்தாள். கடையில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

இரண்டு தென்னை உயரம் போனதும் அது தலையைச் சாய்த்தது. அவர்கள் நின்ற வடக்கனந்தல் தரிசைத் தாண்டி, முற்றிய கரும்புக்குள் போய்க் குத்தியது. பாராசூட்டைத் தள்ளும் மருந்து உள்ளே பட்டென்று வெடித்தது. கரும்புக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குச் சோகை, உதிர்ந்து காய்ந்த கரும்புத் தோகை.

"யாரும் இல்ல தேவி. நான் சுத்திப் பாத்துட்டுதான் வந்தேன்." என்றான் கவியரசன்.

"ஆடு கட்டிக்கீதே. உள்ள யாரோ கீறாங்க."

அவள் ஓடினாள். அவன் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். தோகை முகத்தைக் கிழித்தது. இரண்டு கை தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. புகை நெடி மட்டும் வந்தது. 'திரும்பிப் போய்விட்டால் யாருக்குத் தெரியும்' என்று ஒரு கணம் தோன்றியது. தனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று திடுக்கிட்டாள். நிற்காமல் போனாள்.

ஒரு பெண் ஈரக் கோணியால் சோகையை அடித்துக்கொண்டிருந்தாள். புல்லறுக்க வந்த அருள்மொழி. பாய் அகலத்துக்குத் தீ பரவியிருந்தது. கவியரசன் கேனைக் கவிழ்த்தான். மூவரும் மிதித்தார்கள், மண்ணை வாரிப் போட்டார்கள். கடைசியில் அடங்கியது.

"இன்னாக்கா இது? எங்கருந்து வந்து வுழுந்துது?"

கவியரசன் வாயைத் திறப்பதற்குள் தேவதர்ஷினி சொன்னாள். "நான்தாம்மா வுட்டேன்."

அருள்மொழி அவளைத் திட்டவில்லை. கோணியைக் கீழே போட்டுவிட்டு, கரும்பை விலக்கிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே அடுத்த சாலுக்குப் போனாள். "எம் புள்ள இங்கதான் தூங்கிகினு கீது," என்றாள்.

தீயிலிருந்து நான்கடிகூட இருக்காது. மடித்துப் போட்ட புடவையில் ஒரு வயதுக் குழந்தை கண் விழித்துக் கிடந்தது. அருள்மொழி அதை மடியில் போட்டு முடியை முகர்ந்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பத்தும் முடிந்தபின் மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தாள். கருகிய சோகைத் துகள்கள் எல்லார் மேலும் இறங்கிக்கொண்டிருந்தன. குழந்தை அவற்றைப் பிடிக்கக் கையை நீட்டியது.